கலங்கிய வாவிக்கும் ஒரு கமெரா

கடலடிக் கலைப்படங்கள் பிளாஸ்டிக்குக்கு எதிராக உலகெங்கும் பேசுகின்றன. அவை யாரிடம் பேசுகின்றன, என்ன கேட்கின்றன? குருக்கள்மடத்தில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

இராமேஸ்வரத்தை அடுத்த கடலில், இருபது அடி ஆழத்தில், ஒரு சிறுமி பரதநாட்டியம் ஆடுகிறாள். நடன உடையின் விசிறி மடிப்பு நீரில் தானாக விரிகிறது. கால் மணலைத் தொடுமுன் உடல் மேலே மிதக்கப் பார்க்கிறது. நிலத்தில் நொடியில் முடிந்துவிடும் கைவீச்சு நீரின் கனத்தில் மெதுவாகி, ஒவ்வொரு முத்திரையும் கூடுதல் நேரம் கண்ணில் நிற்கிறது. 2025இல் பதிவான காட்சி இது. கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஊருக்குச் சொல்லத்தான் அந்தப் பதினொரு வயதுச் சிறுமி நீருக்குள் இறங்கினாள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 2021 பெப்ரவரி 1ஆம் திகதி, சென்னை நீலாங்கரைக் கடலில் அறுபது அடி ஆழத்தில் ஒரு சோடி திருமணம் செய்துகொண்டது. கடலைக் குப்பையாக்காதீர்கள் என்பதே அவர்களும் சொன்ன செய்தி. இரண்டு காட்சிகளும் தமிழ்நாட்டைக் கடந்து பல நாடுகளின் செய்திகளில் இடம்பிடித்தன.

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியோரம் இருக்கிறது குருக்கள்மடம். கிழக்கில் வங்கக்கடல், மேற்கில் வாவி. நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் ஊர். இங்கிருந்து அக்கரையிலுள்ள அம்பிளாந்துறைக்குப் போக வாவியில் ‘பாதை’ எனப்படும் மிதவை ஓடுகிறது. மோட்டார் சைக்கிளும் நெல்மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றாக ஏறிப் போகும் அந்த மிதவையில் நின்று, மழைக்காலத்தில் தண்ணீருக்குள் கையை விட்டால் முழங்கைக்குக் கீழே விரல் தெரியாது. வயல்களிலிருந்து இறங்கிய வண்டலும் கண்டல் வேர்களின் கசிவும் கலந்த பழுப்புநிற நீர் அது. இராமேஸ்வரத்துச் சிறுமியின் படத்தை இந்த நீரில் எடுக்கவே முடியாது. ஆனால் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு இப்படிப்பட்ட நீர் வழியாகத்தான் போகிறது. இந்தக் கட்டுரை பேச வருவது அதைத்தான். கடலடிக் கலைப்படம் வலிமையான கருவி. அதைப் பிடித்திருப்பவர்கள் இதுவரை பெரும்பாலும் தெளிந்த நீரை நோக்கியே திருப்பியிருக்கிறார்கள். பொருளையும் இடத்தையும் பொறுப்பாளியையும் அது காட்டத் தொடங்கினால் மட்டுமே மட்டக்களப்பு போன்ற இடங்களுக்கு அதனால் பயன் உண்டு.

தெரியும் கடலும் தெரியாத ஆறும்

மட்டக்களப்பில் நீருக்கடிக் கமெராக்களுக்குப் பஞ்சமில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், நகருக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் அழிந்த எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜன்ட், கல்குடாப் பக்கம் அதைவிட ஆழம் குறைந்த நீரில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் வெளிநாட்டுச் சுழியோடிகள் இவற்றைத் தேடி வருகிறார்கள். பாசிக்குடாவின் பவளப்பாறைகளும், 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காயான்கேணியும் அவர்களின் பயணப் பட்டியலில் உண்டு. அவர்கள் எடுத்துச் செல்லும் படங்களில் நீர் நீலமாக இருக்கிறது. துருப்பிடித்த இரும்பில் மென்பவளம் பூத்திருக்கிறது. அந்தப் படங்கள் பொய்யல்ல. ஆனால் அந்தச் சுழியோடிகள் பொதுவாக வாவிக்குள் இறங்குவதில்லை. இறங்கினாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவர்களின் தொழில் கணக்கு.

வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோர ஊர்களின் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. இங்குள்ளவர்கள் பேச்சில் அதை ஆறு என்றே சொல்வார்கள். உலகம் இந்த ஆற்றைக் காதால்தான் அறிந்தது. நிலவு நாட்களில் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் மீன்பாட்டுத்தான் மட்டக்களப்பின் முகவரி. அடியில் என்ன இருக்கிறது என்று படமெடுத்துக் காட்டியவர்கள் அரிது. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் கீழே, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் விரியும் வயல்களில் பாவித்த கிருமிநாசினிப் போத்தல்களும் உரப்பைகளும் வாய்க்கால் வழியாக இதற்குள் வருகின்றன. கிழக்குக் கரையான எழுவான்கரையின் வீதியோரக் கடைகளிலிருந்து சொப்பிங் பேக்குகளும் யோகட் கோப்பைகளும் வடிகான் வழியாக வருகின்றன. கோடையில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்து நிற்கும்போது எல்லாம் உள்ளேயே தங்கி, கண்டல் வேர்களில் சிக்கி, அடிச்சேற்றில் புதைகிறது. வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் ஏறி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கமும் ஆற்றுவாய் திறந்துகொள்ளும்போதோ வெட்டிவிடப்படும்போதோ, பல மாதங்களாகச் சேர்ந்த குப்பை சில நாட்களில் கடலுக்குப் போகிறது. அந்த நாட்களில் கடலும் கலங்கியிருக்கும். சுழியோடிகள் ஊர் திரும்பிவிட்ட காலம் அது. அதாவது, பிளாஸ்டிக் கடலுக்குள் நுழையும் அந்த வேளையில் கமெரா அங்கே இருப்பதில்லை. ஏப்ரலில் அது திரும்பி வரும்போது மிச்சமிருப்பது பவளத்தில் சிக்கிய ஒரு பையும் தங்கூசி வலைத் துண்டும்தான். அதைப் படமெடுத்தால் குற்றவாளி கடலிலேயே இருப்பதுபோல் தோன்றும்.

படத்தால் ஆனதும் ஆகாததும்

படங்களால் ஒன்றும் ஆவதில்லை என்பவர்களுக்குக் கடற்குதிரைப் படம் ஒரு பதில். இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவுக் கடலில் அமெரிக்கரான ஜஸ்டின் ஹொஃப்மன் எடுத்த அந்தப் படத்தில், ஒரு சிறிய கடற்குதிரை காது துடைக்கும் பிளாஸ்டிக் குச்சியை வாலால் பற்றியபடி நீரோட்டத்தில் போகிறது. கடற்குதிரைகள் இயல்பாகவே புல்லையோ கொழுந்தையோ பற்றிக்கொண்டு மிதப்பவை. அங்கே கைக்குக் கிடைத்தது குச்சி. 2017இல் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டியின் இறுதிச்சுற்றுக்கு வந்த இந்தப் படம், பின்னர் பிளாஸ்டிக் பற்றிப் பேசப்படும் இடமெல்லாம் தொங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய சட்டம் பிளாஸ்டிக் காதுக்குச்சிகளை 2021 ஜூலையிலிருந்து சந்தையிலிருந்து அகற்றியது. இங்கிலாந்து 2020 ஒக்டோபரில் தடைசெய்தது. இலங்கையும் 2021 மார்ச் 31இலிருந்து தடைசெய்த பொருட்களில் அதே குச்சியைச் சேர்த்தது. ஒரு படம்தான் இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தது என்று சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அந்தப் படத்தின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும்: அதில் இருப்பது பொத்தாம்பொதுவான குப்பை அல்ல, பெயர் சொல்லக்கூடிய ஒரு பொருள். சட்டம் எழுதுகிறவருக்கு அட்டவணையில் எழுத ஒரு சொல் கிடைக்கிறது. 2015இல் கொஸ்தா றிக்காக் கடலில் ஆமையின் மூக்கிலிருந்து உறிஞ்சுகுழாயை இழுத்தெடுத்த காணொளிக்கும் இதே வலிமை இருந்தது. உறிஞ்சுகுழாய் கடல் பிளாஸ்டிக்கில் மிகச் சிறு பங்குதான். இருந்தும் அடுத்த சில ஆண்டுகளில் நகரங்களும் பெரும் கோப்பிக் கடைகளும் அதைக் கைவிட முன்வந்தன.

மறுபக்கச் சான்றும் உண்டு, அதையும் நேர்மையாக வைக்க வேண்டும். 2017இல் பிபிசி ஒளிபரப்பிய புளூ பிளனட் தொடரின் இரண்டாம் பகுதி, கடல் பிளாஸ்டிக் பற்றிய உலகக் கருத்தையே மாற்றியது என்று பலரும் நம்புகிறார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. தொடரைப் பார்த்தவர்களின் சுற்றுச்சூழல் அறிவு கூடியிருந்தது. ஆனால் பிளாஸ்டிக்கில் அடைத்ததையா மற்றதையா எடுக்கிறார்கள் என்று பார்த்தபோது, பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. கண்ணீர் வருவதும் கை மாறுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கடலடிக் கலைப்படக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பொலித்தீனைச் சேலையாகச் சுற்றி மிதக்கும் ஒரு பெண், போத்தல்களின் நடுவே படுத்திருக்கும் ஒரு கடற்கன்னி: இவை பார்ப்பவரை நிறுத்துகின்றன. கனடாவைச் சேர்ந்த பெஞ்சமின் வொன் வொங் பத்தாயிரம் போத்தல்களைக் கடலாக்கி நடுவே கடற்கன்னியைக் கிடத்திய 2016ஆம் ஆண்டுப் படங்கள் அந்த வகையின் உச்சம். அவருடைய எண்ணுக்கு ஒரு பொருள் இருந்தது. ஒரு மனிதர் வாழ்நாளில் பாவித்து எறியும் போத்தல்களின் கணக்காக அதை அவர் வைத்தார். அவரைப் பின்பற்றியவர்கள் பலர் கணக்கை விட்டுவிட்டுக் கடற்கன்னியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் அவற்றைப் பார்த்து முடித்தவுடன், நாளை காலையில் எதை மாற்றுவது, யாரைக் கேட்பது என்பது தெரியாமல் போகிறது.

பெட்டிச் செய்தி: எக்ஸ்-பிரஸ் பேர்ள்

2021 மே 20: கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த சிங்கப்பூர்க் கொடிக் கப்பலில் தீ. கப்பலில் 1,486 கொள்கலன்கள். அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன.

2021 ஜூன் 2: ஆழ்கடலுக்கு இழுக்கும் முயற்சியில் கப்பலின் பின்பகுதி தரைதட்டியது. நீர்கொழும்பு முதலான மேற்குக் கரை மணலில் வெண்மணிகள் குவிந்தன. பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டிய நிகழ்வுகளில் இதுவே மிகப்பெரியதென ஐ.நா. சூழல் குழு குறிப்பிட்டது.

2025 ஜூலை 24: இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதைச் செலுத்த நிறுவனம் மறுத்துவிட்டது.

யானையின் படமும் கப்பலின் படமும்

இலங்கையில் பிளாஸ்டிக் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் உலகை உலுக்கியவை இரண்டு தொகுதிகள். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், படம் எங்கே வெல்கிறது, எங்கே நின்றுபோகிறது என்பது புரியும்.

முதலாவது நம் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தது. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் காட்டு யானைகள் கூட்டமாக நின்று பொலித்தீனோடு சேர்த்து உணவு தேடுவதை யாழ்ப்பாண ஒளிப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் படமெடுத்தார். 2020இல் அந்தப் படங்கள் பன்னாட்டு ஏடுகளில் வந்தன. சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு எனப் பல ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. இடமும் தெரிந்தது, பொருளும் தெரிந்தது. இருந்தும் 2022 ஜனவரியில் அதே இடத்தில் மேலும் இரண்டு யானைகள் இறந்துகிடந்தன; எட்டு ஆண்டுகளில் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்தவை ஏறத்தாழ இருபது என்று அப்போது சொல்லப்பட்டது. குறை படத்தில் இல்லை. குப்பை எல்லாருடையதுமாக இருந்தபடியால் பொறுப்பு எவருடையதாகவும் இல்லாமல் போயிற்று. படத்தைப் பார்த்து வருந்தியவர்கள் எந்தச் சபையின் எந்த வரவுசெலவுத் தலைப்பைக் கேட்க வேண்டும் என்று எவரும் எழுதிக் காட்டவில்லை.

இரண்டாவது எக்ஸ்-பிரஸ் பேர்ள். வாயில் பிளாஸ்டிக் மணிகள் நிறைந்த மீனின் படமும், வெள்ளை உடையணிந்த படையினர் மணலைச் சலிக்கும் படமும் அந்த ஆண்டு எல்லாத் திரைகளிலும் ஓடின. இங்கே கப்பலுக்குப் பெயர் இருந்தது, உரிமையாளருக்கு முகவரி இருந்தது, திகதி இருந்தது. சுற்றுச்சூழல் நீதிக்கான அமைப்பினரும் மீனவரும் மற்றோரும் வழக்குப் போட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வந்தது. படம் வழக்கை வெல்லவில்லை. ஆனால் வழக்கு நடந்த காலமெல்லாம் அதை மறக்கவிடாமல் வைத்திருந்ததில் படத்துக்குப் பங்கு உண்டு. நிறுவனம் பணம் செலுத்த மறுத்தது என்பது கசப்பான உண்மை. மேற்குக் கரையில் கடலுக்குப் போக முடியாமல் இருந்த மீனவக் குடும்பத்துக்கு நீதிமன்றத் தாளில் உள்ள தொகை சோறாகாது. ஆயினும், கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார், தொகை இருக்கிறது, நாள் இருக்கிறது. பள்ளக்காட்டு யானைகளுக்கு அதுவும் இல்லை.

குருக்கள்மடத்து வாவி இந்த இரண்டில் எதைப் போன்றது? வெளிப்படையாகப் பள்ளக்காட்டைப் போன்றது. பல சபைகள், பல ஊர்கள், இரண்டு கரைகள், வயலும் கடையும் ஆலயத் திருவிழாவும் சேர்ந்த குப்பை. ஆகவே இங்கே எடுக்கப்படும் படம், கப்பலின் படத்திடம் பாடம் படிக்க வேண்டும்.

அழகாக்குவது குற்றமா?

கடலடிக் கலைப்படத்துக்கு எதிரான முதல் வாதம், அது குப்பையை அழகாக்கிவிடுகிறது என்பது. நீருக்கடியில் பொலித்தீன் உண்மையிலேயே அழகானது. வெளிச்சம் பட்டால் கண்ணாடிபோல் ஒளிரும். அலைக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். கடலாமை அதைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்குவதும் அந்த அசைவைக் கண்டுதான். எனவே ஒரு கலைஞர் அதை அழகாகக் காட்டினால், ஆமை எதைப் பார்க்கிறதோ அதையே நமக்குக் காட்டுகிறார். அந்த ஏமாற்றத்தைப் பார்ப்பவர் தானே உணர்வதற்கு அழகு தேவை. அழகோடு நின்றுவிடுவதுதான் பிழை. படத்தின் கீழே இந்தப் பை எங்கே விற்றது, எந்த வடிகான் வழியாக வந்தது என்று எழுதினால் அழகு தடையாக இருக்காது.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது: இவை அமைத்து எடுத்த படங்கள், கடலில் இல்லாத பிளாஸ்டிக்கைக் கலைஞரே கொண்டுபோய் இறக்குகிறார். உண்மை. மாதிரியாக நிற்பவர் முகமூடி இல்லாமல், மங்கலான பார்வையோடு, மூச்சை வெளியே விட்டு உடலைக் கனக்கச் செய்து கீழே நிற்கிறார். சட்டகத்துக்கு வெளியே காற்றுக் குழாயோடு இன்னொரு சுழியோடி காத்திருக்கிறார். சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் நீரில் மறைந்துவிடுவதால் செயற்கை ஒளி பாய்ச்சுகிறார்கள். நாடகம் எப்படி அமைக்கப்படுகிறதோ அப்படி அமைக்கப்படுவதுதான் இது. நாடகத்தைப் பார்ப்பவர் அது நாடகம் என்று அறிந்தே அழுகிறார். அமைத்து எடுத்ததை அமைத்தது என்று சொல்லிவிட்டால் பொய் இல்லை. இறக்கிய ஒவ்வொரு துண்டையும் எண்ணி மேலே எடுத்தால் கடலுக்கும் கேடில்லை. எங்கள் ஊரில் இதற்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது: வாவியிலிருந்து எடுத்த குப்பையை மட்டுமே படத்தில் பாவிப்பது. அப்போது அமைப்பு கலைஞருடையதாக இருந்தாலும் பொருள் வாவியுடையதாக இருக்கும்.

மூன்றாவது வாதம் பணத்தைப் பற்றியது. கமெராவுக்கும் சுழியோடிகளுக்கும் செலவழிப்பதை விட்டுவிட்டுக் குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் ஒன்று வாங்கலாமே? வாங்க வேண்டும், அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உழவு இயந்திரம் ஏன் இதுவரை போதாமல் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். சபைக்கு வரும் கோரிக்கைகளில் வீதி உண்டு, மின்விளக்கு உண்டு, மைதானம் உண்டு. வாவியின் அடி பற்றிக் கோரிக்கை வருவதில்லை. கண்ணில் படாததை எவரும் கேட்பதில்லை. அடியில் கிடப்பதைக் கண்முன் கொண்டுவர ஒளிப்படத்தைப் போல வேறொன்றில்லை.

எண்களைக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். எண்கள் சறுக்கும் இடத்துக்கு நம் நாடே எடுத்துக்காட்டு. 2015இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான புகழ்பெற்ற கணிப்பு, முறையாகக் கையாளப்படாத பிளாஸ்டிக்கில் இலங்கையை உலகின் ஐந்தாவது இடத்தில் வைத்தது. இன்றும் மேடைகளில் அதைச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு, இலங்கையர் ஒருவர் நாளொன்றுக்கு 5.1 கிலோ குப்பை உண்டாக்குகிறார் என்ற பழைய தரவின் மேல் நின்றது. உள்நாட்டுக் கணிப்புகள் ஒரு கிலோவைக்கூட எட்டுவதில்லை. தவறான எண்ணை மறுத்துவிட்டு, அதோடு சிக்கலையும் சேர்த்து மறுத்துவிட அதிகாரிகளுக்கு எளிது. குருக்கள்மடத்துத் துறையடியில் இன்ன நாளில் எடுத்த படத்தை அப்படி மறுக்க முடியாது.

கடைசி வாதத்தைத்தான் நான் மிகக் கவனமாக எடுத்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட படங்கள் கடைசியில் ஏழைகளையே குற்றவாளியாக்குகின்றன: மீன் வாங்கிய பையை எறிந்த பெண், அறுந்த வலையை விட்டுவந்த மீனவர், கிருமிநாசினிப் போத்தலை வாய்க்காலில் போட்ட விவசாயி. அந்தப் போத்தலைத் தயாரித்து விற்றவரும், திரும்பப் பெற வழி செய்யாதவரும் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்கள். வலையின் கதையும் அதுதான். தங்கூசி வலைக்கு இலங்கையில் தடை இருக்கிறது. இருந்தும் அது கிடைக்கிறது. கிடைக்கச் செய்கிறவர் வாவியில் இறங்குவதில்லை. வலையோடு பிடிபடுவது தோணிக்காரர்தான். இந்த அநீதியைப் படம் மீண்டும் செய்யக் கூடாது. அதற்காகத்தான் பொருளும் இடமும் போலப் பொறுப்பாளியும் படத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். போத்தலில் உள்ள வணிகப் பெயர் தெரியும்படி கமெராவைத் திருப்பலாம். சேற்றிலிருந்து எடுத்த நூறு பொருட்களை வணிகப் பெயர்வாரியாகப் பிரித்து வைத்து எடுக்கும் ஒரு படம், எந்தக் கடற்கன்னியையும்விட அதிகம் பேசும்.

பெட்டிச் செய்தி: தடைகளின் வரிசை

2017 ஏப்ரல் 14: மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் பலி. அதே ஆண்டு செப்டெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன், லன்ச் ஷீட், றெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவற்றுக்குத் தடை.

2021 மார்ச் 31: பிளாஸ்டிக் காதுக்குச்சி, சிறிய சஷே பக்கற்றுகள், காற்றூதும் விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றுக்குத் தடை.

2023 ஒக்டோபர் 1: உறிஞ்சுகுழாய், ஒருமுறை பாவிக்கும் தட்டு, கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு முதலியவற்றுக்குத் தடை.

2025 நவம்பர் 1: கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுப்பதற்கு முடிவு, விலை பற்றுச்சீட்டில் குறிக்கப்பட வேண்டும்.

உலக அளவில்: 2022 மார்ச்சில் நைரோபியில் தொடங்கிய பிளாஸ்டிக் உடன்படிக்கை முயற்சியின் பேச்சுகள், 2024இல் பூசானிலும் 2025 ஓகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடின்றி முடிந்தன.

சேற்று நீரில் படமெடுக்கும் வழி

கலங்கிய நீரில் கலைப்படம் எடுக்க முடியாது என்பது பாதி உண்மை. நீரில் மிதக்கும் துகள்களில் செயற்கை ஒளி பட்டுத் திரும்புவதால் படமெங்கும் வெண்புள்ளி விழுகிறது. தூரத்தில் நிற்பவர் தெரிவதேயில்லை. இதற்குச் சுழியோடி ஒளிப்படக்காரர்களிடம் பழைய மருந்து ஒன்று உண்டு. அகலக்கோண வில்லையை மாட்டிக்கொண்டு, பொருளுக்கு ஒரு சாண் தூரத்துக்குப் போய்விட வேண்டும். கமெராவுக்கும் பொருளுக்கும் நடுவே நீர் குறைய, துகளும் குறையும். ஒளியை முன்னாலிருந்து பாய்ச்சாமல் இரு பக்கங்களிலிருந்தும் சாய்த்துப் பாய்ச்சினால் வெண்புள்ளி மேலும் குறையும். கண்டல் வேரில் சிக்கிய ஒரு யோகட் கோப்பை, அதற்குள் குடிபுகுந்த ஒரு நண்டுக்குஞ்சு: இது போதும். இன்னொரு வழி, கண்ணாடிக் கவிகை மாட்டிய கமெராவைப் பாதி நீருக்குள், பாதி வெளியே வைத்து எடுப்பது. மேலே பாதையும் அதில் நிற்கும் ஆட்களும். கீழே அதே நீரின் அடியில் படிந்த பைகள். வாவியின் பெரும்பகுதி ஆழமற்றது என்பதால் இதற்குக் காற்றுக் கலன்கூட வேண்டாம். இடுப்பளவு நீரில் நின்றே எடுக்கலாம். இராமேஸ்வரத்து நீர் தூரத்தைக் காட்டும். மட்டக்களப்பு நீர் அருகைக் காட்டும். இந்தப் பிரச்சினைக்கு இரண்டாவதே பொருத்தம்.

யாரோ வெளிநாட்டுக் கலைஞர் வந்து எடுத்துக்கொண்டு போவதில் பயன் குறைவு. வாவியில் எந்த முடக்கில் குப்பை ஒதுங்கும், வீச்சுவலையில் எந்த மாதத்தில் மீனைவிடப் பை அதிகம் ஏறும் என்பது தோணிக்காரருக்குத்தான் தெரியும். இறாலுக்கும் நண்டுக்கும் கூடு போடுகிறவர் ஒவ்வொரு நாளும் அடியைத் தொட்டுப் பார்க்கிறவர். அவருடைய கூட்டில் ஏறிய பிளாஸ்டிக்கின் ஒரு மாதச் சேகரிப்பு, இடமும் நாளும் குறித்து, ஒரு படத்தொகுதிக்குத் தேவையான எல்லாச் சான்றையும் தந்துவிடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது. ஆடலும் பாடலும் நாடகமும் கட்புலக் கலையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. நீருக்குள் கலை செய்வது என்ற கருத்தைத் தெளிந்த கடலிலிருந்து கலங்கிய ஆற்றுக்குக் கொண்டுவரத் தேவையான திறமை வாவிக்கரையிலேயே இருக்கிறது. இந்த மக்களும் அந்த மாணவரும் சேர்ந்து எடுக்கும் படத்தில் மீனவர் குற்றவாளியாகத் தெரியமாட்டார், சாட்சியாகத் தெரிவார்.

அப்படியொரு தொகுதி உருவானால், கொழும்பில் காட்சிப்படுத்துவதற்கு முன்னர் அதைப் பெரிய துணியில் அச்சிட்டுக் குருக்கள்மடத்துத் துறையிலும் அம்பிளாந்துறைத் துறையிலும் கட்ட வேண்டும். பாதை வரும்வரை காத்து நிற்பவர்களுக்கு நின்று பார்க்க நேரம் இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று வரிகள் போதும்: என்ன பொருள், எங்கே எடுத்தது, யாரிடம் கேட்பது. மூன்றாவது வரியில் களுவாஞ்சிக்குடியிலுள்ள மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபையின் பெயர் வரும் படங்களும் இருக்கும், வெல்லாவெளியிலும் கொக்கட்டிச்சோலையிலும் உள்ள சபைகளின் பெயர் வரும் படங்களும் இருக்கும், போத்தல் நிறுவனங்களின் பெயர் வரும் படங்களும் இருக்கும். கேட்க வேண்டியதும் பெரிதல்ல. வடிகான்கள் வாவியில் விழும் இடங்களில் கம்பிவலைத் தடுப்பு, வாரத்துக்கு ஒருமுறை அதைத் துப்புரவாக்க ஆள், அறுவடை முடிந்ததும் கிருமிநாசினிப் போத்தல்களைத் திரும்பப் பெற ஒவ்வொரு கமநல நிலையத்திலும் ஓர் இடம், ஆற்றுவாய் வெட்டுமுன் கரையோரக் குப்பையை அள்ளும் ஒரு நாள் வேலை.

இதற்குக் காலமும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஓகஸ்ட், செப்டெம்பரில் வாவி வற்றி நீர் ஓரளவு தெளியும்; படமெடுக்க அதுவே பருவம். ஒக்டோபரில் மழை இறங்கத் தொடங்கும். நவம்பரில் வெள்ளம் ஏறும். சபைகளின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் தயாராவதும் அதே மாதங்களில்தான். செப்டெம்பர் முடிவுக்குள் படங்கள் துறையில் ஏறினால், மாரிக்கு முன்னர் கம்பிவலைகளைக் கேட்கவும், அவற்றுக்குரிய தொகை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஏறியதா என்று சபை அமர்வில் எழுந்து நின்று விசாரிக்கவும் நேரம் இருக்கும்.